பரணில் கிடக்கும் வீ, பிஎஸ்2, பிஎஸ்பி: எமுலேட்டருக்கு எது ஆகும், எது ஆகாது

கேள்வி இது: வீட்டில் ஒரு நிண்டெண்டோ வீ, ஒரு பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2), ஒரு பிஎஸ்பி (சோனியின் கையடக்கக் கன்சோல்) சும்மா கிடக்கின்றன. இவற்றில் எமுலேட்டர் (ஒரு கன்சோலை இன்னொன்றில் போலச் செய்து காட்டும் மென்பொருள்) போட்டு, சூப்பர் நிண்டெண்டோ, மெகா டிரைவ், கேம்பாய் அட்வான்ஸ் காலத்து கேம்களை ஆட முடியுமா? முடியும் என்றால் எதில்? இல்லை, இந்த வம்பே வேண்டாம் என்று ஒரு சின்ன கணினி போர்டு வாங்கிவிடலாமா?

முடியும். டிவியில் ஆடுவதற்கு வீ, கையில் வைத்து ஆடுவதற்கு பிஎஸ்பி. பிஎஸ்2-வை அதன் சொந்த கேம்களுக்கும் பிஎஸ்1 டிஸ்க்குகளுக்கும் விட்டுவிடுங்கள். போர்டு வாங்கலாமா என்பதற்கான பதில் உங்கள் வீட்டு டிவியைப் பொறுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. பலர் செயலியின் (ப்ராசஸரின்) வேகத்தை மட்டும் பார்த்துக் கன்சோலைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏமாறுகிறார்கள். பழைய கன்சோலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, அதன் வம்சம்: எந்த முன்னோர் கன்சோலின் வன்பொருள் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது. இரண்டு, அதன் திரை: டிவிக்கு எப்படிப்பட்ட சிக்னலைக் கொடுக்கிறது, அல்லது சொந்தத் திரையில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பது.

முதலில் வேகக் கணக்கு ஏன் ஏமாற்றும் என்று பார்ப்போம். சூப்பர் நிண்டெண்டோவின் செயலி அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. வீயின் செயலி 729 மெகாஹெர்ட்ஸ். இருநூறு மடங்கு. பிறகு என்ன கவலை என்று தோன்றும். ஆனால் எமுலேட்டர் போலச் செய்து காட்ட வேண்டியது ஒரு செயலியை மட்டும் இல்லை. சூப்பர் நிண்டெண்டோவில் படம் வரையும் சில்லுகள் இரண்டு தனியாக இருந்தன. ஒலிக்கு இன்னொரு செயலியே இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று பேசிக்கொண்டு ஓடின. இத்தனை பேர் நடித்த நாடகத்தை ஒரே நடிகர் மேடையில் நடித்துக் காட்டுவதுபோலத்தான் எமுலேட்டர் ஓடுகிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் வேடம் மாற்ற வேண்டும். இதில் ஸ்டார் ஃபாக்ஸ், யோஷிஸ் ஐலண்ட் போன்ற கேம்கள் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் என்ற கூடுதல் சில்லையும் வைத்துக்கொண்டு வந்தன. அதற்கும் வேடம் கட்டியாக வேண்டும்.

நிண்டெண்டோ 64-க்கு வந்தால் கணக்கு இன்னும் இறுகிவிடும். அதன் செயலி 93.75 மெகாஹெர்ட்ஸ். வீ அதைவிட எட்டு மடங்குகூட வேகம் இல்லை. அதனால் எமுலேட்டர் எழுதுபவர்கள் வேறு வழிக்குப் போகிறார்கள். ஒவ்வொரு கட்டளையையும் வரும்போதெல்லாம் புதிதாக மொழிபெயர்க்காமல், ஒரு பகுதியை ஒருமுறை முழுதாக மொழிபெயர்த்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை அதையே ஓட்டுவது. டைனாரெக் என்பார்கள். வேகம் கிடைக்கும், ஆனால் அந்த வேகத்துக்காகத் துல்லியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். வீயில் நிண்டெண்டோ 64 கேம் ஒன்று அழகாக ஓடும், அடுத்தது நிழலே இல்லாமல் வரும், மூன்றாவது திறக்கவே திறக்காது. இவ்வளவுக்கும் நிண்டெண்டோவே வர்ச்சுவல் கன்சோல் என்ற தன் இணையக் கடை வழியாக இதே வீயில் நிண்டெண்டோ 64 கேம்களை நன்றாக ஓட்டிக் காட்டியது. எப்படி? ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகச் சரிசெய்து விற்றது. அந்தக் கடையும் 2019 ஜனவரியில் மூடியாகிவிட்டது.

சரி, வீயை ஏன் முதலில் சொன்னேன்? அதற்குள் ஒரு முழு கேம்கியூப் இருக்கிறது. கேம்கியூபின் செயலி 486 மெகாஹெர்ட்ஸ், வீயினுடையது 729. சரியாக ஒன்றரை மடங்கு. கிராபிக்ஸ் சில்லும் அப்படியே: 162, 243. வீ என்பது கேம்கியூபை விரிவாக்கியதுதான். ஆகவே கேம்கியூப் கேம்களுக்கு எமுலேட்டரே தேவையில்லை. 2006-இல் வந்த முதல் மாடல் வீ என்றால் மேல்மூடிக்குள் கேம்கியூப் கன்ட்ரோலருக்கான நான்கு சாக்கெட்டும் இருக்கும். படுக்கை வசத்தில் மட்டும் வைக்கும்படி பின்னால் வந்த மாடலில் அவற்றை எடுத்துவிட்டார்கள். வீ மினியில் எஸ்டி கார்டு சொருகும் இடம்கூடக் கிடையாது. உங்களிடம் இருப்பது எது என்று முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.

நிண்டெண்டோ அனுமதிக்காத நிரல்களுக்கும் வீயைத் திறந்துவிடும் வேலை 2008-இல் ஒரு குதிரையின் பெயரில் தொடங்கியது. செல்டா ட்விலைட் பிரின்சஸ் கேமின் சேவ் கோப்பில் குதிரைக்கு அளவுக்கு மீறி நீளமான பெயர் வைத்தால், அந்தப் பெயர் நினைவகத்தில் தன் இடத்தைத் தாண்டி வழிந்து, அதற்குள் ஒளித்து வைத்த நிரல் ஓடிவிடும். இன்று அந்தச் சிரமம் இல்லை. 4.3 மென்பொருள் உள்ள வீக்கு லெட்டர்பாம் என்ற இணையக் கருவி போதும். வீயின் மேக் முகவரியை (நெட்வொர்க் அடையாள எண்ணை) கொடுத்துக் கோப்பை உருவாக்கி, எஸ்டி கார்டில் போட்டுச் சொருகி, வீ மெனுவில் வலது கீழ் மூலையில் இருக்கும் செய்திப் பலகையைத் திறந்தால், குண்டு படம் போட்ட சிவப்பு உறை ஒன்று காத்திருக்கும். அதைத் தொட்டால் ஹோம்பிரூ (ஆர்வலர்கள் தாங்களே எழுதிய நிரல்கள்) ஓட்டும் ஹோம்பிரூ சேனலை நிறுவும் திரை வரும். உறை கண்ணில் படவில்லையா? பதறாமல் முந்தைய நாளின் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். வீயின் கடிகாரமும் கோப்பு உருவான தேதியும் ஒத்துப்போகாததால் பலமுறை அது நேற்றைய தபாலில்தான் கிடக்கும்.

நிறுவியதும் கேமுக்கு ஓடாதீர்கள். முதல் வேலை பூட்மீ என்ற நிரல் மூலம் உள் நினைவகத்தை, அதாவது 512 எம்பியையும், எஸ்டி கார்டுக்குப் பிரதி எடுத்து அதைக் கணினியில் பத்திரப்படுத்துவது. பழைய வீக்களில் பூட்மீயை மெனுவுக்கும் முன்னால் எழும் இடத்திலேயே நிறுவ முடியும். அப்படிச் செய்தால் பின்னால் எது கெட்டாலும் பிரதியிலிருந்து மீட்கலாம். புதியவற்றில் அந்த வசதி இல்லை. அவற்றில் மெனுவுக்குப் புதுத் தோற்றம் போடுவது, சிஸ்டம் கோப்புகளை நீக்குவது போன்ற விளையாட்டுகள் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் எமுலேட்டர்கள். என்இஎஸ்-க்கு எஃப்சிஇ அல்ட்ரா ஜிஎக்ஸ், சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஸ்நெஸ்9எக்ஸ் ஜிஎக்ஸ், கேம்பாய் வரிசைக்கு விஷுவல்பாய் அட்வான்ஸ் ஜிஎக்ஸ், மெகா டிரைவுக்கு ஜெனசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைக்கும் ரெட்ரோஆர்ச்சும் வீக்கு உண்டு. ஆனால் எனக்கு அது வீயில் பிடிப்பதில்லை. 88 எம்பி நினைவகம் உள்ள இயந்திரத்துக்கு அது கனமான சட்டை. தனித்தனி எமுலேட்டர்கள் இந்த இயந்திரத்துக்கென்றே எழுதப்பட்டவை. திறந்த உடனே ஓடும்.

இங்கே கொஞ்சம் நிதானமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீயின் உண்மையான மதிப்பு இதில்தான். சூப்பர் நிண்டெண்டோ டிவிக்கு அனுப்பியது வழக்கமான ஒளிபரப்பு சிக்னல் இல்லை. ஒளிபரப்பில் ஒருமுறை ஒற்றைப்படை வரிகள், அடுத்தமுறை இரட்டைப்படை வரிகள் என்று மாறிமாறி வரும். பழைய கன்சோல்களோ ஒவ்வொரு முறையும் அதே 240 வரிகளின் மேலேயே திரும்பத் திரும்ப வரைந்தன. இடையில் உள்ள வரிகள் இருட்டாகவே நின்றன. பெட்டி டிவியில் பழைய கேம்கள் படம் கெட்டியாக, வரிவரியாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். 240பி என்று இதைச் சொல்வார்கள். வீயால் இதே சிக்னலை இன்றும் கொடுக்க முடியும். ஸ்நெஸ்9எக்ஸ் ஜிஎக்ஸில் வீடியோ அமைப்புக்குள் போய், ரெண்டரிங் என்ற இடத்தில் ஒரிஜினல் என்று மாற்றுங்கள். அவ்வளவுதான். திரை ஒரு கணம் கறுத்து, டிவி சிக்னலைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது, அதுவரை லேசாகப் பூசினாற்போல் இருந்த படம் இறுகி நிற்கும். எழுத்துகளின் விளிம்பில் இருந்த நடுக்கம் நின்றுவிடும். பெட்டி டிவி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதும், வீயைப் பரணிலிருந்து இறக்கலாம்.

எல்இடி டிவி மட்டும்தான் இருக்கிறது என்றால் இதே அமைப்பு உங்களுக்கு எதிரி. பல புதிய டிவிகள் 240 வரி சிக்னலை அடையாளம் தெரியாமல், மாறிமாறி வரும் வரிகள் என்றே நினைத்துக்கொண்டு கலந்துவிடும். அசையும் பாத்திரங்கள் சீப்பு பிடித்ததுபோல் பிய்ந்து தெரியும். சில டிவிகள் சிக்னலே இல்லை என்று சொல்லிவிடும். அப்போது கம்போனென்ட் கேபிளில் 480பி (480 வரிகளும் ஒவ்வொரு முறையும் முழுதாக வரும் சிக்னல்) வைத்து ஆடுங்கள். வீயின் பின்னால் சொருகும் சின்ன எச்டிஎம்ஐ அடாப்டர்கள் படத்தைப் பெரிதாக்கித் தருவதில்லை. உள்ளதை வேறு கம்பியில் மாற்றித் தருகின்றன. பெரிதாக்குவது டிவியின் வேலைதான். அதனால் அவற்றிடம் அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை, என் சொந்த அனுபவத்தில். கார்ட்ரிட்ஜில் கேமுக்குள் சேவ் செய்தால் அங்கேயே பதிந்துவிடும் என்ற பழக்கத்தில், மூன்று மணி நேரம் ஆடி, கேமுக்குள் சேவ் செய்துவிட்டு, நேராக வீயின் பவர் பட்டனை அமுக்கினேன். மறுநாள் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. தப்பு என்னுடையதுதான். இந்த எமுலேட்டர்களில் கேம் செய்யும் சேவ் நினைவகத்தில்தான் நிற்கிறது. நீங்கள் எமுலேட்டர் மெனுவுக்குத் திரும்பும்போதுதான் எஸ்டி கார்டுக்குப் போகிறது. ஹோம் பட்டனை அமுக்கி மெனுவுக்கு வந்து, பிறகு அணைக்கும் பழக்கம் கைக்கு வரும்வரை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிஎஸ்2-வைப் பார்ப்போம். காகிதத்தில் இது நல்ல இயந்திரம்: 294 மெகாஹெர்ட்ஸ் செயலி, 32 எம்பி நினைவகம். ஆனால் அந்தச் செயலி முப்பரிமாணக் கணக்குகளை வரிசையாக, வேகமாகப் போடுவதற்கென்று வடிவமைத்தது. எமுலேட்டருக்குத் தேவை அதற்கு நேர்மாறான குணம்: நினைவகத்தில் இங்கும் அங்கும் தாவி, சின்னச் சின்ன முடிவுகளை எடுத்துக்கொண்டே இருப்பது. பிஎஸ்2 செயலியின் தரவு கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன நினைவகம்) வெறும் 8 கேபி. ஒவ்வொரு தாவலுக்கும் மெதுவான பிரதான நினைவகத்துக்குப் போய்க் காத்து நிற்கும். அதனால் என்இஎஸ் ஓடும், மெகா டிரைவ் ஓரளவு ஓடும், சூப்பர் நிண்டெண்டோ பல இடங்களில் மூச்சு வாங்கும். கேம்களை யுஎஸ்பியில் வைத்தால் அதுவும் பழைய 1.1 வேகம்.

ஆனால் வம்சம் என்று சொன்னேனே, பிஎஸ்2-வின் பெருமை அதில் இருக்கிறது. முன்பு வந்த பிஎஸ்2-களில் உள்ளீடு வெளியீட்டைக் கவனிக்கும் சில்லு வேறு எதுவும் இல்லை, பிஎஸ்1-இன் செயலியேதான். பிஎஸ்1 டிஸ்க்கைப் போட்டால் அது தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது. பிற்கால ஸ்லிம் மாடல்களில் அந்தச் சில்லையும் நீக்கிவிட்டு வேறொன்றால் போலச் செய்தார்கள். சில பிஎஸ்1 கேம்கள் அவற்றில் தகராறு செய்வது அதனால்தான். ஹோம்பிரூ ஓட்ட ஃப்ரீஎம்சிபூட் என்ற நிரல் போட்ட 8 எம்பி மெமரி கார்டு ஒன்று போதும், இயந்திரத்தைத் திறக்கவே வேண்டாம். கடைசியாக வந்த 90000 வரிசை ஸ்லிம்களில் பெரும்பாலானவற்றில் மட்டும் அது எழும்பாது.

பிஎஸ்பி எனக்கு மிகவும் பிடித்தது. அதில் பிஎஸ்1 எமுலேட்டரை சோனியே எழுதி உள்ளே வைத்திருக்கிறது. பிஎஸ்1, பிஎஸ்பி இரண்டின் செயலியும் எம்ஐபிஎஸ் குடும்பம் என்பதால் மொழி கிட்டத்தட்ட ஒன்றுதான், வட்டார வழக்குதான் வேறு. கடைசி அதிகாரபூர்வ மென்பொருளான 6.61-இல் கஸ்டம் ஃபர்ம்வேர் (ஆர்வலர்கள் மாற்றி எழுதிய சிஸ்டம் மென்பொருள்) ஏற்றிவிட்டு, உங்கள் பிஎஸ்1 டிஸ்க்கை பிஎஸ்பி படிக்கும் ஈபூட் கோப்பாக மாற்றிப் போட்டால், வேறெந்தப் பழைய கையடக்கக் கன்சோலிலும் கிடைக்காத நேர்த்தியில் ஓடும்.

கேம்பாய் அட்வான்ஸ் கேம்களுக்கு ஜிபிஎஸ்பி என்ற எமுலேட்டர் இருக்கிறது. இதில் மாடல் முக்கியம். முதல் பிஎஸ்பியில் நினைவகம் 32 எம்பி. 2000 வரிசையிலிருந்து 64 எம்பி. கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களில் பெரியவை 32 எம்பி. முதல் மாடலில் அப்படிப்பட்ட கேமை முழுதாக உள்ளே வைக்க இடமே இல்லை. எமுலேட்டர் துண்டு துண்டாக மெமரி ஸ்டிக்கிலிருந்து எடுத்துவரும். புது இடத்துக்குள் நுழையும்போது ஒரு சின்னத் தடுக்கல் வந்தால் அது இதுதான். எமுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். செயலி வேகத்தை 333 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவைக்கவும் மறக்காதீர்கள்.

திரைக் கணக்குதான் பிஎஸ்பியில் கொஞ்சம் வயிற்றெரிச்சல். அதன் திரை 480 க்கு 272 புள்ளிகள். கேம்பாய் அட்வான்ஸ் 240 க்கு 160. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் கச்சிதமாக 480 வந்துவிடும்; ஆனால் உயரம் 320 ஆகிவிடும், 48 வரி போதாது. பழைய கேம்பாய் 160 க்கு 144. இரண்டு மடங்கு உயரம் 288, பதினாறே பதினாறு வரியில் தவறிவிடுகிறது! ஆக, ஒன்று தபால்தலை அளவில் கூர்மையாக ஆட வேண்டும், அல்லது (கேம்பாய் அட்வான்ஸ் என்றால் 1.7 மடங்கு) இழுத்து லேசாகக் கலங்கலாக ஆட வேண்டும். நான் இழுத்துத்தான் ஆடுகிறேன், கண் பழகிவிடும். பிஎஸ்1-இன் 240 வரிகளோ மேலும் கீழும் 16 வரி மிச்சம் விட்டு இழுக்காமலேயே உட்கார்ந்துவிடும். பிஎஸ்பியில் பிஎஸ்1 அவ்வளவு சுத்தமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஎஸ் வீட்டா கிடைத்தால் இந்தக் குறையும் தீரும். 960 க்கு 544, அதாவது பிஎஸ்பியின் திரையைப்போல் ஒவ்வொரு திசையிலும் சரியாக இரண்டு மடங்கு. கேம்பாய் அட்வான்ஸ் மூன்று மடங்கில் 720 க்கு 480 ஆகக் கூர்மையாக நிற்கும். அதற்குள் ஒரு பிஎஸ்பியும் இருக்கிறது. அட்ரினலின் என்ற மென்பொருள் அதை எழுப்பிவிடும். 3டிஎஸ் இருந்தாலும் இதே பாணிதான்: கேம்பாய் அட்வான்ஸ் கேமை எமுலேட்டர் இல்லாமல், அதற்கான வன்பொருள் வழியிலேயே ஓட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் உண்மையில் ஒரு சின்னப் பெர்சனல் கம்ப்யூட்டர்: 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் III வகைச் செயலி, 64 எம்பி, ஹார்டு டிஸ்க். கணினிக்கு எழுதிய எமுலேட்டர்கள் அதற்கு எளிதாக இடம்பெயர்ந்தன. ஆர்கேட் கேம்களுக்கு இன்றும் நல்ல வீடு. ஆனால் கடைசி வடிவமான 1.6-ஐத் தவிர மற்றவற்றில் உள்ளே கடிகாரத்துக்கான கெபாசிட்டர் கசிந்து போர்டை அரித்துவிடும். முதலில் அதைக் கழற்றுங்கள். தேதி மறந்துபோவதைத் தவிர நஷ்டமில்லை. சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்கு வரலாற்று மதிப்பு உண்டு: 2001-இல் பிளீம்காஸ்ட் என்ற பெயரில் பிஎஸ்1-இன் மூன்று கேம்களுக்கு மட்டும் எமுலேட்டர் டிஸ்க்குகளைக் கடையிலேயே விற்றார்கள், அதுவும் அசலைவிடக் கூர்மையான படத்தோடு. சூப்பர் நிண்டெண்டோ ஆடத்தான் வேண்டும் என்றால் ட்ரீம்காஸ்ட் பக்கம் போகாதீர்கள்.

இப்போது போர்டு விஷயம். வீட்டில் எல்இடி டிவி மட்டும்தான், கையடக்கத்திலும் ஆர்வமில்லை என்றால், ஆம், போர்டு வாங்குங்கள். எச்டிஎம்ஐ நேராகப் போகும், படம் கூர்மையாக இருக்கும், நிண்டெண்டோ 64-உம் அதில் வீயைவிட நன்றாக ஓடும். பழைய கன்சோலில் பட்டன் அமுக்கினால் தாமதம் குறைவு என்று ஒரு வாதம் உண்டு. கம்பி கன்ட்ரோலர், இடையில் பெரிய இயங்குதளம் இல்லை என்பதால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நல்ல கணினியில் ரெட்ரோஆர்ச்சின் ரன்-அஹெட் (அடுத்த படங்களை முன்கூட்டியே கணக்கிடும்) வசதியைப் போட்டால் அந்தத் தாமதத்தையும் அழித்துவிடலாம். அதற்குத் தேவையான மிச்ச சக்தி பழைய கன்சோலிடம் இல்லை. பெட்டி டிவி இருக்கிறது என்றால் கதை தலைகீழ்: போர்டை அதில் ஒழுங்காகப் பொருத்துவதற்குள் உங்கள் விடுமுறை முடிந்துவிடும், வீயில் ஒரு அமைப்பை மாற்றினால் போதும்.

எந்த டிவி ஆனாலும் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் கன்சோல் பால் (PAL) என்ற டிவி முறை உள்ள பகுதிக்கானது என்றால் வீடியோ அமைப்பு 50 ஹெர்ட்ஸில் இருக்கக்கூடும். நொடிக்கு 60 படம் என்று எழுதிய கேமை 50-க்குள் திணித்தால், நொடிக்குப் பத்துப் படம் காணாமல் போகும். பின்னணி நகரும்போது தடதடவென்று இடறும். எமுலேட்டர் மெதுவாக இருக்கிறது என்று புகார் சொல்பவர்களில் பலருக்குப் பிரச்சினை இதுதான். வீயின் அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று மாற்றிவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள்.

ரோம் கோப்புகளை, அதாவது கேம்களின் பிரதிகளை, எங்கே எடுப்பது என்று அடுத்து கேட்பீர்கள். எமுலேட்டர் எழுதுவதில் சட்டச் சிக்கல் இல்லை என்பது பிஎஸ்1 எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் சொன்ன தீர்ப்பிலேயே தெளிவானது. கேமின் பிரதி வேறு விஷயம். அதற்கு உரிமையாளர் இருக்கிறார். கையில் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதைப் படிக்கும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன, அதில் உள்ள சேவ்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். இன்றும் பழைய கன்சோல்களுக்குப் புதிதாக கேம் எழுதி இலவசமாகத் தருபவர்கள் இருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க அவை நல்ல தொடக்கம்.

எஸ்டி கார்டு 32 ஜிபிக்குள், எஃப்ஏடி32 வடிவத்தில் இருக்கட்டும். பிஎஸ்பியைச் சார்ஜில் போடுவதற்கு முன் பின்மூடியைக் கழற்றி பேட்டரியைப் பாருங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த பேட்டரி உப்பி, மூடியையே தள்ளிக்கொண்டிருக்கும். உப்பியிருந்தால் சார்ஜ் செய்யாமல் எடுத்து மின்கழிவில் சேர்த்துவிடுங்கள். பேட்டரி இல்லாமலும் சார்ஜர் கம்பியிலேயே பிஎஸ்பி ஓடும். ஆனால் ஃபர்ம்வேர் மாற்றும் வேலையை மட்டும் புது பேட்டரி வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.